செலவு செய்யாதே என்றவள் கடை வரிசையில் நின்ற கதை

ஷெஃபீல்டு,
30 அக்டோபர் 2025

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டதால் அப்பாவின் முழங்கால் வழக்கம்போல் முணுமுணுக்கிறது. மெல்போர்னில் நீ, மருமகள், குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் ஊர்க் கால்பந்துக் கிளப்பான ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கு ஒரு பென்ஸ்கூடக் கொடுக்கக் கூடாது என்று கோடை முழுவதும் ஊரையே எச்சரித்துக்கொண்டிருந்த நான், போன சனிக்கிழமை ஹில்ஸ்பரோ மைதானத்துக் கடையில் வரிசையில் நின்று பை நிறைய வாங்கி வந்ததை அப்பா உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நீயும், கொள்கை எல்லாம் அவ்வளவுதானா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதியில் நீ வேலைக்குக் கிளம்பிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இங்கிருந்து போன பிறகு நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. இந்த வருடம் மார்ச் மாதச் சம்பளம் தாமதமானதில் இது ஆரம்பித்தது. பிறகு மே, ஜூன் என்று தொடர்ந்து, செப்டம்பர் சம்பளமும் தள்ளிப்போனபோது அது ஏழு மாதங்களில் ஐந்தாவது முறை. வீரர்களின் சம்பளம் என்றால் தலைப்புச் செய்தி வரும். ஆனால் புல் வெட்டுபவர், டிக்கெட் அலுவலகத்தில் இருப்பவர், துணி துவைப்பவர், கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமியின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுபவர் எல்லோரும் அதே கிளப்பின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு மாதக் கடைசியைத் தாண்டிச் சேமிப்பு இருக்காது. மருத்துவமனையில் அத்தனை வருடம் நர்சாக இருந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை: ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த இடத்துக்கு ஆள் வராது, இருப்பவர் இரண்டு ஆள் வேலையைச் செய்வார், பிறகு அவரும் போவார்.

மைதானத்திலும் அதே கதைதான். ஜோஷ் வின்டாஸும் மைக்கேல் ஸ்மித்தும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2023இல் வெம்ப்ளியில் பார்ன்ஸ்லிக்கு எதிராகக் கூடுதல் நேரமும் முடியப் போகிற தறுவாயில் வின்டாஸ் தலையால் முட்டிப் போட்ட கோலுக்கு நீ என்னைத் தூக்கிச் சுற்றியது நினைவிருக்கிறதா, அவனேதான். கசாமாவை ரேஞ்சர்ஸுக்கு விற்றார்கள், முசாபாவைத் துருக்கிக்கு விற்றார்கள். பயிற்சியாளர் டேனி ரூல் ஜூலை கடைசியில் விலக, அவருக்கு உதவியாளராக இருந்த ஹென்ரிக் பெடர்சன் பொறுப்பேற்றார். மைதானத்தின் வடக்கு ஸ்டாண்டின் பாதுகாப்பு சரியில்லை என்று நகராட்சி தடை நோட்டீஸ் கொடுத்தது. பர்ன்லியுடன் நடக்க வேண்டிய பயிற்சி ஆட்டத்தில் இறங்க மாட்டோம் என்று வீரர்களே சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று லெஸ்டரில் முதல் லீக் ஆட்டம். மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் பார்த்தால் உன் பள்ளிக்கூடப் புகைப்படத்தில் இருக்கும் முகங்கள் மாதிரி அத்தனையும் பிஞ்சு முகங்கள். நம் ரசிகர்கள் ஆட்டம் தொடங்கியும் இருக்கைக்குப் போகாமல் ஐந்து நிமிடம் வெளியிலேயே நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். முதலில் கோல் போட்டதும் நாம்தான், 2–1 என்று தோற்றதும் நாம்தான்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே மாதம் லீக் கோப்பையில், நமக்கு மேல்பிரிவான பிரீமியர் லீகில் இருக்கும் லீட்ஸ் இங்கே வந்தது. பெரும்பாலும் அகாடமிப் பையன்களாக இறங்கிய நம் அணி 1–1 என்று சமன் செய்து, பெனால்டியில் 3–0 என்று ஜெயித்தது. லீட்ஸ்காரர்களால் ஒரு பெனால்டியைக்கூட வலைக்குள் போட முடியவில்லை. சம்பளம் வருமா என்று தெரியாத ஒரு கிளப்பில் அப்படி ஓர் இரவு வந்ததை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் அணித் தலைவன் பேரி பேனன் முப்பத்தைந்து வயதில், வேறு எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்ற நிலையில், மறுபடியும் இங்கேயே கையெழுத்துப் போட்டான். நான் மரியாதை வைத்திருக்கும் மனிதர்களின் பட்டியல் சின்னது. அதில் அவன் இப்போது மேலே ஏறிவிட்டான்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிளப்பின் முதலாளி சான்சிரியைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும் என்றால் 2015இலிருந்து பேச வேண்டும். தாய்லாந்தில் மீன் வியாபாரத்தில் பெரிய குடும்பம். அவர் முந்தைய முதலாளி மாண்டரிச்சிடமிருந்து கிளப்பை வாங்கியபோது இந்த ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, நீயும் நானும் அதில் அடக்கம். அடுத்த வருடமே பிரீமியர் லீகுக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளிக்குப் போய் ஹல்லிடம் ஒரு கோலில் தோற்றோம். பிரீமியர் லீகுக்கு அவ்வளவு பக்கத்தில் போய் வந்ததுதான் கெடுதலாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். இன்னும் கொஞ்சம் செலவழித்தால் ஏறிவிடலாம் என்று சம்பளம் வருமானத்தைத் தாண்டியது, மிச்சத்தை அவர் தன் கையிலிருந்து போட்டார். அவர் போட்ட பணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆளின் சட்டைப் பையை நம்பி நடக்கிற கிளப்பில், அந்தப் பை காலியாகும் நாளில் மாற்று வழி எதுவும் இருக்காது.

கணக்கைச் சரிக்கட்ட ஹில்ஸ்பரோ மைதானத்தையே சுமார் 6 கோடி பவுண்டுக்குத் தன் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுக்கொண்டார். அந்த விற்பனையைத் தவறான வருடத்தில் கணக்கு எழுதியதற்காக லீக் பட்டியலில் நம் 12 புள்ளிகளை வெட்டினார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அந்த 6 புள்ளி கையில் இருந்திருந்தால் 2021இல் நாம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருக்க மாட்டோம். கடைசி ஆட்டத்தில் டார்பியோடு 3–3 என்று சமன் செய்துவிட்டு நீ ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

2023 அக்டோபரில் அவர் ஒரு வேண்டுகோள் வைத்தாரே, அதை நினைத்துப் பார். வரி பாக்கிக்கும் சம்பளத்துக்கும் 20 லட்சம் பவுண்டு வேண்டும், 20,000 பேர் ஆளுக்கு 100 பவுண்டு கொடுத்தால் தீர்ந்தது என்றார். யாரும் கொடுக்கவில்லை. கிளப் அவருடையது, முடிவுகள் அவருடையவை, புத்தகத்தைத் திறந்து காட்டவும் மாட்டார், பள்ளம் விழுந்தால் மட்டும் நாங்கள் மண் கொட்ட வேண்டுமா? இந்தக் கோடையில் நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டதும் அதே காரணத்துக்காகத்தான். கொடுக்கிற பணம் சலவைக்காரப் பெண்ணிடம் போய்ச் சேருமா, அல்லது அதே நிர்வாகம் இன்னும் ஒரு மாதம் இழுத்தடிக்க உதவுமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ரசிகர்கள் அமைப்பு சொன்ன புறக்கணிப்பை நான் அதனால்தான் ஏற்றேன். அது வலிக்காத காரியம் என்று நினைத்துவிடாதே. இந்த மாதம் 22ஆம் தேதி மிடில்ஸ்பரோவோடு ஆட்டம். அரங்கம் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடந்தது, வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. அந்தப் பையன்கள் எங்களுக்கு என்ன பாவம் செய்தார்கள் என்று அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன். தோல்வி 1–0.

இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை, கிளப்பும் மைதானத்தை வைத்திருக்கும் நிறுவனமும் சேர்ந்து திவால் நிர்வாகத்துக்குப் போயின. வரித்துறைக்கு மட்டுமே சுமார் 10 லட்சம் பவுண்டு பாக்கி. இதன் பொருள், இனிமேல் சாவி சான்சிரியிடம் இல்லை. கிளப்பை நடத்திக் காட்டி, வாங்க ஆள் தேடி விற்றுக் கொடுக்க நியமிக்கப்பட்ட கணக்காளர்களிடம் இருக்கிறது. அதற்குத் தண்டனையாக 12 புள்ளி போனது. கையில் இருந்ததே 6 புள்ளிதான், இப்போது கழித்தல் 6இல் நிற்கிறோம். ஊரில் அன்று மாலை தோற்ற துக்கமா, விடுதலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். மதுக்கடைகளில் பாட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் நின்று அழுகை.

கணக்காளர்களுக்குப் பழைய முதலாளியின் பை கிடையாது. அன்றாடம் வருகிற டிக்கெட் காசும் கடைக் காசும்தான் கையிருப்பு, நாளை மாதக் கடைசி, சம்பளம் கொடுத்தாக வேண்டும். பணம் போதவில்லை என்றால் முதலில் கத்தி விழுவது அலுவலக ஊழியர்கள் மேல்தான். 2020இல் விகன் கிளப் இதே நிலைக்குப் போனபோது 75 பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே நேற்றுவரை கொடுக்காமல் இருந்ததற்கும் இன்று கொடுப்பதற்கும் எனக்கு ஒரே காரணம்தான். கொடுக்கிற காசு யார் கைக்குப் போகிறது என்று பார்த்தேன், அவ்வளவே.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடன்கள் தீர்க்கப்படும் வரிசையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீரர்களின் சம்பள பாக்கியும் மற்ற கிளப்புகளுக்கான பாக்கியும் முழுவதுமாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பது லீகின் விதி. மற்ற சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸாவது கொடுத்தால் போதும், அதையும் கொடுக்காவிட்டால்தான் அடுத்த பருவத்தில் 15 புள்ளி வெட்டு. கோடிகளில் பேசும் இன்னொரு கிளப்புக்கு முழுப் பணம், ரொட்டி சப்ளை செய்த உள்ளூர் கடைக்காரருக்குக் கால் பங்கு. லீகின் ஒழுங்கைக் காக்க இது தேவை என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சொல்லட்டும். ஜூலையில் வந்த சட்டத்தின்படி அமையும் புதிய கால்பந்து ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கவனிக்குமா என்று பார்க்க வேண்டும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டுடன் ஆட்டம், 27,000 பேருக்கு மேல் வந்தார்கள், 2–1 என்று தோற்றோம், ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன்னால் கடை வாசலில் வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து போனது. உள்ளே போனபோது பெரியவர் அளவுச் சட்டை ஒன்றுகூட இல்லை. முன்னால் நின்ற வயதான மனிதர் ஒருவர், தனக்குப் பேரனே கிடையாது என்று சொல்லிக்கொண்டே ஐந்து வயதுப் பிள்ளைக்கான காலுறையை எடுத்தார். ரசீது போடும் பெண் கோடையில் மூன்று பேர் நின்ற கவுண்டரில் தனியாக நின்றாள், மூடிய பேனாவைக் கொண்டையில் செருகியபடி, தீர்ந்துபோன சரக்கின் எண்ணை ஒரு அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே விற்றாள். நான் இரண்டு கோப்பை, ஒரு நீலவெள்ளைக் கழுத்துத்துணி, நாய்க்குக் கட்டும் பட்டை ஒன்று வாங்கினேன். நம் வீட்டில் நாய் இல்லை என்று அப்பா சொன்னதைத்தான் உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சில நாட்களுக்குள் டிக்கெட்டும் சாமானுமாக அரை மில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். கேட்டபோது கொடுக்காத ஊர், கேட்காமலே கொடுத்தது.

அடுத்து வருகிற முதலாளியும் இப்படியே செய்தால் என்ன செய்வீர்கள் என்று நீ கேட்பாய். செய்யலாம். அப்போது மறுபடியும் டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருப்பேன், அதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம். இந்தப் பருவத்தில் தப்பிப்போம் என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கீழே இறங்குவோம். கீழ்ப்பிரிவில் இதற்கு முன்னும் இருந்திருக்கிறோம், அங்கேயும் சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கும்.

நீ பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு வேண்டாம். இணையத்தில் யார் யாரோ ஆரம்பிக்கிற வசூல் பக்கங்களுக்கும் போடாதே. கிளப்பின் சொந்தக் கடையிலேயே குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கு, அவள் இப்போது எந்த அளவு போடுகிறாள் என்று பார்த்து ஒரு அளவு கூட்டியே எடு, ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுவாள். நவம்பர் 23 அன்று ஹில்ஸ்பரோவில் இதே ஊரின் இன்னொரு அணியான ஷெஃபீல்டு யுனைடெட்டோடு ஆட்டம், எனக்கும் அப்பாவுக்கும் இடம் எடுத்துவிட்டேன். பார்சல் தாமதமானால் கடைக்குப் போன் செய்து சத்தம் போடாதே. அங்கே எடுத்துப் பேச ஆள் இல்லை.

அன்புடன்,
அம்மா