முள்கம்பியையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் பேய் வௌவால் இனத்துக்கு உள்ள ஆபத்துகள் பற்றிய உங்கள் செய்தியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதி இரும்புச் சுரங்கங்களையும் நச்சுத் தேரைகளையும் விரிவாகவே எழுதியிருந்தீர்கள். சரி, முள்வேலியை ஏன் விட்டுவிட்டீர்கள்? எலி, பல்லி, தவளை, பறவை, ஏன், பிற வௌவால்களைக்கூட வேட்டையாடும் இந்த இனம் தாழப் பறப்பது; அதனால் வேலி முள்கம்பியில் சிக்கிச் சாகிறது. ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். தாய் வௌவால்கள் சில செத்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

ராக்ஹாம்ப்டன் பக்கம் ஒரு பண்ணை வேலியில் சிக்கிக் காய்ந்துபோன ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வெளிறிய இறக்கைத் தோல் முள்ளைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. சுரங்க அனுமதி என்றால் ஆய்வு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போகும். வேலிக்கு அவ்வளவு பாடு வேண்டாம். இவை தங்கும் குகைகளை ஒட்டிய நிலங்களில் மேல்கம்பியை மட்டுமாவது முள்ளில்லாத கம்பியாக மாற்ற, பண்ணையாளர்களுக்கு மாநில அரசுகள் மானியம் தரலாம்.

- ஒரு வாசகர், குயின்ஸ்லாந்து