இந்த வருஷம் எல்லோரும் ஒரே டாங்கி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் மாடல் கிட் விற்கும் நம் கடைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். டைகர், பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கிப் பெட்டிகள் எல்லாம் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டன, முன்னால் முழுக்க செஞ்சூரியன் டாங்கியாக அடுக்கி வைத்திருக்கிறீர்களே, என்ன விசேஷம் என்று. கல்லாவில் நின்றபடி ஆளுக்குப் பாதி பதில் சொல்வதைவிட, எழுதியே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

விஷயம் இதுதான். ஜூலை முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 16 வரை, ஞாயிறுதோறும் காலையில் கடை மாடியில் கூடி எல்லோரும் ஒரே டாங்கியைச் செய்யப்போகிறோம். செஞ்சூரியன் மார்க் 7. இந்திய ராணுவத்தின் வண்டி. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று பசந்தர் நதிக்கரையில் நின்ற கோலத்தில். 1/35 அளவிலும் (நிஜ வண்டியின் நீளத்தில் 35-ல் ஒரு பங்கு) செய்யலாம், மேஜையில் இடமில்லை என்றால் 1/72 அளவிலும் செய்யலாம். கிட்டை நம்மிடம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்து வாருங்கள். கட்டணம் கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது.

எதற்காகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்பது அவர்கள் எண்ணம். உண்மைதான், ராத்திரி விளக்கடியில் தனியே உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் கடை நடத்துகிற எங்களுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஆசையாகக் கிட் வாங்கிப் போகிறவர்களில் நிறையப் பேர் சக்கரங்களோடு நின்றுவிடுகிறார்கள். பெட்டி பீரோ மேலே ஏறிவிடுகிறது. அப்புறம் கடைப்பக்கம் வரவே கூச்சப்படுகிறார்கள். பெட்டிக்குள் வரும் செய்முறைத் தாள் எந்தத் துண்டு எங்கே போகும் என்று காட்டும். பசையை எவ்வளவு தொடுவது, எந்தக் கோடு அரத்தால் தேய்க்க வேண்டியது, எது நிஜ வண்டியிலேயே இருக்கும் வெல்டிங் கோடு என்பதையெல்லாம் அது சொல்லாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். பக்கத்தில் இருப்பவரும் அதே துண்டைக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே டாங்கி என்று வைத்ததற்கு அதுதான் காரணம்.

செஞ்சூரியன் ஏன்? ஜெர்மன் டாங்கிகள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. கிட் உலகத்தில் பாதி அவைதான், நாங்களும் அவற்றைச் செய்துதான் பழகினோம். ஆனால் நம்முடைய ராணுவ வண்டி ஒன்றை மேஜைமேல் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. இங்கே டாங்கி கிட் வாங்குகிற பையனுக்கு, இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவில் டாங்கிச் சண்டை நடந்த குர்ஸ்க் தெரிகிறது, பசந்தர் தெரியவில்லை. இது எங்களுக்கு உறுத்தலாகவே இருந்தது.

செஞ்சூரியனை பிரிட்டிஷ்காரர்கள் 1943-ல் வடிவமைக்க ஆரம்பித்தார்கள். முதல் சில வண்டிகள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே போர் முடிந்திருந்தது. அதனால் அது பேர் வாங்கியதெல்லாம் வேறு களங்களில்: கொரியாவில், மேற்காசியாவில், நம் எல்லையில். 1965-ல் சியால்கோட் பகுதியில் 17 ஹார்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் தாராபோர் செஞ்சூரியனில் இருந்துதான் போரிட்டு உயிர்விட்டார், பரம் வீர் சக்கரம் பெற்றார். அதே 17 ஹார்ஸ், ஆறு வருஷம் கழித்து பசந்தரில். இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்கு அப்போது வயது 21. அவருடைய வண்டியின் பெயர் ஃபமகுஸ்டா. குண்டு பட்டு வண்டி தீப்பிடித்தது, இறங்கிவிடு என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் இறங்க மறுத்துவிட்டார். அவருக்கும் பரம் வீர் சக்கரம், மறைவுக்குப் பின். அந்த வண்டி இன்றும் பத்திரமாக இருக்கிறது. அஹமத்நகரில் (இப்போது அஹில்யாநகர்) உள்ள கவசப் படைப் பயிற்சி மையத்தில் வைத்திருக்கிறார்கள்.

எதிரே நின்றவை பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் படைப்பிரிவின் பேட்டன் டாங்கிகள். யாராவது பேட்டன் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், அதே மேஜையில் இடம் உண்டு. 2001-ல் அருணின் தந்தை லாகூருக்குப் போனபோது அவரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்தவர் அந்த 13 லான்சர்ஸின் அதிகாரிதான். உங்கள் மகன் எனக்கு எதிரே நின்று போரிட்டான் என்று அவரே தந்தையிடம் சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு செய்கிற பேட்டனை யாரும் கேலியாகச் செய்ய மாட்டார்கள்.

விஜயந்தா ஏன் இல்லை என்று ஆவடிப் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. 1965 கடைசியில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. நம் ஊர்க்காரர்கள் கையால் உருவான டாங்கி அது. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிட் எங்கள் கடையில் இல்லை. செஞ்சூரியனில் கை பழகிய பிறகு, பிளாஸ்டிக் தகடு வெட்டி நாமே விஜயந்தா செய்து பார்க்கலாம் என்று ஓர் ஆசை வைத்திருக்கிறோம். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இரண்டொருவர் அவ்வப்போது கடைக்கு வருவார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்யலாம்.

அவர்களில் ஒருவர் சொன்னது இந்த வேலைக்கே உதவும். செஞ்சூரியனின் மேற்கோபுரம், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி, வார்ப்பு எஃகு, விஜயந்தாவினுடையது தகடுகளை வெல்டு செய்தது. வார்ப்பு எஃகு ஒருநாளும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது, மணல் அச்சின் சொரசொரப்பு மேலே நிற்கும். பழைய கிட்டுகளில் கோபுரம் மொழுமொழுவென்று இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: மெல்லிய திரவப் பசையை ஒரு கையகல இடத்தில் மட்டும் தடவுங்கள். பிளாஸ்டிக் சற்று இளகியதும், மயிர் தேய்ந்து கட்டையாகிப்போன பழைய பிரஷ்ஷால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். தேய்க்கக் கூடாது, குத்த வேண்டும். காய்ந்ததும் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு. முனைகள் மழுங்கி, ஓரத்தில் விளக்கு பட்டால் மட்டும் தெரிகிற சொரசொரப்பு நிற்கும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும், நிஜ வண்டியின் முன்னால் நிற்பதுபோல இருக்கும். ஆனால் கோபுரத்தின் மேல்கூரை தகடு, அங்கே குத்த வேண்டாம்.

இனி பெட்டியைப் பற்றி. 1/35 அளவில் தமியா கம்பெனியின் பழைய செஞ்சூரியன் மார்க் 3 இருக்கிறது, ஏ.எஃப்.வி. கிளப் என்ற இன்னொரு கம்பெனியின் செஞ்சூரியன்கள் இருக்கின்றன. முதல் டாங்கி என்றால் தமியாவை எடுங்கள். துண்டுகள் குறைவு, ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தும். ஏ.எஃப்.வி. கிளப் அருமையான வேலைதான், ஆனால் அது பொறுமை கேட்கும். எந்தப் பெட்டியை எடுத்தாலும் அதிலிருந்து மார்க் 7-க்குக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். பின்பக்க இன்ஜின் மூடிகளும் பின் உடலும் மாறும். பீரங்கிக் குழலின் நடுவே புகை உறிஞ்சியின் உருண்டைப் புடைப்பு இருக்க வேண்டும். கிட்டில் இல்லாவிட்டால் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி மாட்டிக்கொள்ளலாம், நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். இதையெல்லாம் செய்யாமல் பெட்டியில் உள்ளபடியே செய்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: அது என்ன கணக்கு, 1/35? தமியா 1961-ல் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கியைக் கொண்டுவந்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்குகிற அளவுக்கு உடல் வேண்டியிருந்தது. அதை அளந்து பார்த்தபோது வந்த விகிதம் 35. பிறகு உலகமே அதைப் பின்பற்றிக்கொண்டது. இந்த அளவில் செஞ்சூரியன், குழலோடு சேர்த்து, சுமார் 28 சென்டிமீட்டர் நீளம் வரும். அலமாரியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் நின்றுவிடுகிற இடம் சக்கரம் என்றேனே, செஞ்சூரியனில் பக்கத்துக்கு ஆறு ஜோடி. மொத்தம் இருபத்து நான்கு வட்டு. ஒவ்வொன்றையும், துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது கட்டரைச் சக்கரத்தை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, 400 நம்பர் தாளில் உருட்டி எடுங்கள். ஒரே மூச்சில் இருபத்து நான்கையும் செய்தால் யாருக்கும் அலுக்கும். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே செய்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

பழைய கிட்டுகளில் வரும் வினைல் டிராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி வரும் சங்கிலிப் பட்டையை, உடனே மாட்டிவிட வேண்டாம். சில வினைல் வகைகள் வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சக்கரத்துக்கு முழுதாகப் பெயின்ட் அடித்துக் காயவிட்ட பிறகே மாட்டுங்கள். தனித்தனிக் கண்ணியாக வரும் டிராக் வாங்குகிறவர்கள் முதல் பத்துக் கண்ணியை இங்கே வந்து செய்யுங்கள், மீதியை வீட்டில் செய்துகொள்ளலாம். பக்கத் தகடுகளை மாட்டினால் டிராக்கின் மேல்பாதி மறைந்துவிடும், புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஜூலையில் ஆரம்பிப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது பெயின்ட். சென்னைக் காற்றின் ஈரம்தான் நம் கைவேலைக்குப் பெரிய எதிரி. லேக்கர் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பெயின்ட்டுக்குள்ளேயே நீராகப் படியும். பச்சை வண்டி மேல் பால் தெளித்தது போல வெண்மை படரும். கடைசியில் அடிக்கிற, பளபளப்பில்லாத மேட் வார்னிஷில்தான் இது மிக மோசமாக வரும், அத்தனை மாத வேலையும் ஒரு நிமிஷத்தில் மங்கிப்போகும். அதனால் ஜூலை, ஆகஸ்டில் கட்டுமானம். செப்டம்பரில் பிரைமர் என்ற அடிப்பூச்சும் நிறமும். டீக்கால் என்ற குறி ஒட்டுப்படங்களை ஒட்டி, மேட் வார்னிஷையும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். தெளிப்பதென்றால் முற்பகலில், கடல்காற்று உள்ளே வருவதற்கு முன்னால். மொட்டைமாடி கொட்டகையில் எக்ஸாஸ்ட் விசிறியும் ஈரப்பத மானியும் மாட்டியிருக்கிறோம். மானி 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு, பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷுக்கு விடுமுறை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு தொல்லை: வெயிலில் அது ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்தால் சரியாகிவிடும்.

மழை மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம், அப்போதுதான் வண்டிக்குச் சேறு பூசும் வேலை. பசந்தர் களத்தில் ஆற்றுப்படுகையும் கண்ணிவெடி வயல்களும் கடந்து வந்த வண்டி பளபளவென்று இருந்திருக்க முடியாது. பிக்மென்ட் என்ற நிறப்பொடியைக் கையால் அப்புவதற்கு ஈரக்காற்று ஒரு தடையே இல்லை. மேட் வார்னிஷ் அடித்த பரப்பில் பொடி நன்றாகப் பிடித்தும் கொள்ளும்.

வெளியூர் வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லேக்கர், எனாமல், தின்னர் எல்லாம் தீப்பற்றும் சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சாலை வழியாகத்தான் அனுப்ப வேண்டும், நாளாகும். கிட்டும் பெயின்ட்டும் தனித்தனிப் பார்சலாக வருவது இதனால்தான். தாமதம் ஆகிறதே என்று கோபப்பட்டவர்களுக்கு இதுதான் பதில். செப்டம்பரில் வேண்டியதை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரில் வர முடியாதவர்களும் எங்களோடு அதே மாத வரிசையில் செய்யலாம், சந்தேகம் வந்தால் போட்டோ அனுப்புங்கள், ஞாயிறன்று எல்லோருமாகப் பார்த்துப் பதில் சொல்கிறோம்.

இந்தியப் படைக்கான டீக்கால் பெட்டிக்குள் வராது. ஃபமகுஸ்டா என்ற பெயரும் ஜே.எக்ஸ். 202 என்ற வண்டி எண்ணும் மெல்லிய அச்சுத் தகடு வெட்டிப் பெயின்ட்டால்தான் போட வேண்டும். அதற்கு ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். 1965-ல் செஞ்சூரியன் ஓட்டிய 16 கேவல்ரி படைப்பிரிவில் தென்னிந்திய வீரர்கள் நிறைய இருந்தார்கள். உங்கள் தாத்தாவோ மாமாவோ அந்தப் படையில் இருந்தவராக இருந்து, பழைய போட்டோ ஏதாவது வீட்டில் இருந்தால், கொண்டுவந்து காட்டுங்கள். அந்த வண்டியின் குறிகளையே உங்கள் மாடலில் போட உதவுகிறோம்.

முதல் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வாருங்கள். கிட், கட்டர், கத்தி, உப்புத்தாள் கொண்டுவந்தால் போதும். கட்டர் இல்லாதவர்களுக்குக் கடையில் இரவல் உண்டு. பிள்ளைகள் வரலாம், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், கத்தி கூர்மையானது. பசை, பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜன்னலோர மேஜையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பீரோ மேலே பாதியில் நிற்கிற பழைய டாங்கி இருந்தால் கூச்சப்படாமல் அதையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து