நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

பாலோ ஆல்டோ, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இங்குள்ள ஸ்டான்ஃபோர்ட் திரையரங்குக்குத்தான். 1925இல் கட்டப்பட்ட அந்த அரங்கில் பழைய ஹாலிவுட் படங்களை, ஒரே சீட்டுக்கு இரண்டு வீதம் காட்டுகிறார்கள்.

நான் விரும்பிப் பார்ப்பவை 'ஸ்க்ரூபால்' எனப்படும் 1930களின் நகைச்சுவைப் படங்கள். பணக்கார வீட்டுப் பெண், அவளிடம் அகப்பட்டுத் தவிக்கும் ஒருவன், மூச்சுவிடாத பேச்சு; கதை பெரும்பாலும் அவ்வளவுதான். அன்றைய பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற மக்கள், செல்வந்தர்கள் கோமாளிகளாவதைக் கண்டு சிரித்ததில் வியப்பில்லை. ஆனால் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பவர்கள் குணச்சித்திர நடிகர்களே.

'மை மேன் காட்ஃப்ரே' (1936) படத்தில் கரோல் லம்பார்ட் எவ்வளவு துள்ளினாலும், என் கண்கள் அவருடைய தந்தையாக வரும் யூஜீன் பாலெட்டைத்தான் தேடுகின்றன. பெருத்த உடம்பு, சரளைக்கல்லை அரைப்பது போன்ற குரல். மனைவியும் மகள்களும் கூத்தடித்துக்கொண்டிருக்க, செலவை நினைத்துக் குமுறும் அந்த ஒரு மனிதர் இல்லையென்றால் மற்றவர்களின் கிறுக்குத்தனம் எடுபடவே எடுபடாது. பைத்தியக்கார விடுதி தொடங்க ஒரு காலி அறையும் ஏற்ற ஆட்களும் போதும் என்று அவர் அலுத்துக்கொள்ளும்போது அரங்கமே அதிர்கிறது. அதே வீட்டில் ஓயாமல் தின்றுகொண்டிருக்கும் மிஷா ஆவர், கொரில்லாவாக நடித்துக் காட்டியே ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். துணை நடிகர்களுக்கு அவ்விருது ஏற்பட்டதே அந்த ஆண்டில்தான். 'த லேடி ஈவ்' (1941) படத்தில், காலை உணவு வராத கோபத்தில் பாலெட் பாத்திர மூடிகளைத் தாளமாக மோதி ஒலிக்கச் செய்கிறார். அவ்வளவு பெரிய பீர் ஆலை முதலாளிக்கு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு கிடைப்பதில்லை!

அப்படத்தை இயக்கிய பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ், வில்லியம் டெமரெஸ்ட் போன்ற சிலரைப் படத்துக்குப் படம் பயன்படுத்தினார். புதுமுகங்களைப் போடும்படி சொன்னவர்களிடம், என் முதல் வெற்றிகளில் பங்களித்தவர்களுக்கு அடுத்த படங்களிலும் உரிமை உண்டு என்று அவர் வாதிட்டார். இதனால் அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. ஊர் புதிது என்றாலும், திரையில் பழகிய முகம் தோன்றியதும், அவர் வாய் திறக்கும் முன்பே, முன்வரிசை முதியவர்களுடன் சேர்ந்து நானும் சிரித்துவிடுகிறேன்.

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்ல மிரளும் பாலையாவை ரசிக்கும் உங்களுக்குப் பாலெட்டைக் கட்டாயம் பிடிக்கும். கோடையில் நீங்கள் வரும்போது அழைத்துப் போகிறேன். வசனத்தின் வேகம் பிடிபடாவிட்டாலும், அம்மாவுக்கு அந்த முகங்களே போதும்.

தங்கள் அன்பு மகள்