படகைச் சுரண்டும் முன்

முத்துப்பேட்டை,
மாசி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பங்குனிக் கடைசியில் லீவு போட்டு வந்து பாய்ப்படகைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். வாம்மா. ஆனால் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்ற யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வா. பெயிண்ட் போனால் கடையில் இன்னொரு டப்பா வாங்கிக்கொள்ளலாம், பலகை போனால் என்ன செய்வாய்?

நம்முடையது நாட்டுப்படகு மாதிரி தடிப்பலகை இல்லை, 6 மில்லிமீட்டர் பிளைவுட். அதன் மேல் அடுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கிரைண்டர் ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் அது போய்விடும். வெளுத்த மரத்துக்கு நடுவே காப்பி சிந்தினது போல ஒரு பழுப்புத் திட்டு தெரியும். அது கறை இல்லை, உள்ளே இருக்கும் பசை. அதைப் பார்த்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பள்ளம்தான்.

எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும் என்பதும் இல்லை. முதலில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்கிப் பார். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்த இடம் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டியதுதான். வராவிட்டால் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டு, மேலேயே அடித்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் முக்கால்வாசி உரியும், பக்கவாட்டில் பாதி தப்பிக்கும் என்று நினைக்கிறேன்.

சுரண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேலையில் பாதி அதில்தான். இரண்டு முனைகளையும் அரத்தால் உருட்டிவிடு. கூர்முனை இருந்தால் பலகையில் கோடு இழுத்துவிடும், பெயிண்ட் அடித்த பிறகும் அந்தக் கோடு வெயிலில் பளிச்சென்று தெரியும். மர ஓட்டத்தோடு உன்னைப் பார்த்து இழு, தள்ளாதே. கூர் இருக்கும்வரை பெயிண்ட் சுருள் சுருளாக வரும். தூளாக உதிர ஆரம்பித்தால் சுரண்டி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் எல்லோரும் கையை அழுத்துவார்கள், பலகையும் அப்போதுதான் கெடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அரம் போட்டால் அழுத்தவே வேண்டியிருக்காது.

ஹீட் கன்னை, அதுதான் சூடான காற்றை ஊதும் கருவியை, நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இரு. பெயிண்ட் கொப்பளித்ததும் சுரண்டி பின்னாலேயே போக வேண்டும், புகை வரும்வரை காட்டக்கூடாது. பலகைகள் சேரும் மூலைகளில் உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி நார்ப் பட்டை ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பாய். அங்கே சூடு காட்டினால் பிசின் இளகிப் பட்டை எழும்பிவிடும். பெயிண்ட் ரிமூவர் பட்டாலும் அதே கதிதான். அந்த மூலைகளுக்குக் கையால் போடும் உப்புத்தாள் மட்டும்தான்.

ரிமூவர் தேக்கு விளிம்புக்கும் வளைவுகளுக்கும் மட்டும் போதும், ஒரு லிட்டருக்கு மேல் வாங்காதே. ஒரே பக்கமாகக் கனமாகத் தடவிவிட்டு விட்டுவிடு. முன்னும் பின்னும் தேய்த்தால் மேலே படியும் மெழுகு ஆடை கிழிந்து மருந்து ஆவியாகிவிடும். பங்குனி வெயிலில் பத்து நிமிடம்கூட ஈரம் நிற்காது. அதனால் விடியற்காலையில், கொட்டகை நிழலில், மேலே பாலிதீன் தாள் போர்த்திச் செய். பிறகு தின்னரால் துடைத்து மெழுகை எடுக்காவிட்டால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு பிடிக்காது. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் படகுக்குள் தலையைக் குனிந்து வேலை செய்யவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தொட்டியில் தண்ணீர் மாதிரி அடியிலேயே தேங்கி நிற்கும். தூசிக்குப் போடும் முகமூடி அதைத் தடுக்காது, ஆவி வடிகட்டி முகமூடியும் அதற்குப் போதாது. காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றச் சொல்வார்கள், கேட்காதே. தேக்கு கறுக்கும், பசை விடும்.

இன்னொன்று, ஈயம். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. நம் படகின் அடிப்பூச்சு அதற்கு ரொம்ப முந்தினது. சுரண்டும்போது ஆரஞ்சுச் சிவப்பு தெரிந்தால் ஈயம் என்றே வைத்துக்கொள், தெரியாவிட்டாலும் அப்படியே நடந்துகொள். பழைய பெயிண்டின் மேல் காய்ந்த தேய்ப்பே வேண்டாம். அடியில் தார்ப்பாய் விரித்து, உதிர்வதையெல்லாம் அன்றன்றைக்குச் சாக்கில் கட்டு. கொட்டகையைச் சுற்றிக் கோழி மேய்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவருவார்கள். வாய்க்கால் வறண்டு கிடக்கிறதே என்று அதில் கொட்டிவிடாதே, மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் அவ்வளவும் வயலுக்குப் போகும். வேலைச் சட்டையைத் தனியாக அலசு.

சுரண்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு. உப்பு மரத்தில் தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆறே மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்துவிடும். குடிநீர்க் குழாயில் இரண்டு குடம் பிடித்து, துணி நனைத்துத் துடைத்தாலே போதும். அப்புறம் குத்தூசியால் பாய்மர அடியையும் பின்பலகை விளிம்பையும் குத்திப் பார். சுத்தியல் காம்பால் தட்டினால் நல்ல மரம் டொக்கென்று கேட்கும், உளுத்த மரம் பொத்தென்று கேட்கும். விளிம்புகளில் கறுத்திருந்தால் அங்கேதான் தண்ணீர் ஏறியிருக்கிறது.

அப்படி ஏதாவது அகப்பட்டால் ஆசாரி வேண்டும். அதனால் பங்குனிக் கடைசி வரை காத்திராமல் முதல் வாரமே வந்துவிடு. ஏப்ரல் 15-இல் விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கும். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் படகெல்லாம் கரையேறிவிடும், ஜூன் நடுப்பகுதி வரை ஒரு ஆசாரியும் நம் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

காய்ந்ததா என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. ஒரு முழம் பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, காலையில் பார். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் விடு. ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். 80-ஆம் நம்பர் தாள், பிறகு 120, அதோடு நிறுத்திவிடு. வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிமானம் இராது. கடைசித் தேய்ப்பு முடித்த அன்றைக்கே முதல் பிரைமர் ஏறிவிட வேண்டும், ராத்திரி அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றுக்கு வெறும் மரத்தைக் காட்டக்கூடாது.

வரும்போது ஆவி வடிகட்டி முகமூடி ஒன்றும், ரிமூவரைத் தாங்கும் தடித்த கையுறை இரண்டு ஜோடியும் வாங்கி வா. இங்கே மெல்லிசுக் கையுறைதான் கிடைக்கிறது, ரிமூவர் பட்டால் தாங்காது. அரம், குத்தூசி, தார்ப்பாய் எல்லாம் கொட்டகையில் எடுத்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா