இந்த வருஷம் பஸ்ஸைக் கிராமத்துச் சர்ச் பக்கம் திருப்புங்கள்

இங்கிலாந்தில் தமிழ்ச் சங்கங்களையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்திவரும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

மே மாதம் பிறந்தால் நம் வாட்சாப் குழுக்களில் ஒரே கேள்விதான்: இந்த வருஷம் பஸ் எங்கே? பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். லெகோலேண்ட், ஸ்டோன்ஹெஞ்ச், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கடற்கரை. நடுவில் புளியோதரைப் பொட்டலம். குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பொட்டலத்துக்காகவே பஸ் ஏறுகிற ஆள் நான். போன கூட்டத்தில் மெதுவாக எழுந்து, "ஒரு கிராமத்துச் சர்ச்சையும் பட்டியலில் சேர்க்கலாமே" என்றேன். "நமக்கெதுக்குப்பா சர்ச்சை?" என்று ஒருவர் சிலேடை பேசினார். இன்னொரு பெரியவர் சிலேடை பேசவில்லை. "செத்தவங்களைப் பொதைச்ச இடத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதா? வந்து தலைமுழுகணுமே" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அங்கே சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது தப்பில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தால் கோயில் நடையைச் சாத்துகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அரசர் சமாதிமேல் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில்களும் சித்தர் சமாதிகளும் நம்மிடம் உண்டு என்றாலும் அவை விதிவிலக்கு. இங்கே கதை நேர்மாறு. ஊர்ப் பங்குக் கோயிலுக்குள், அதுவும் பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைப்பதுதான் ஒரு காலத்தில் பணக்காரக் குடும்பத்தின் உச்சபட்ச ஆசையாக இருந்தது. காரணமும் நமக்குப் புரியக்கூடியதுதான். இடைக்காலக் கத்தோலிக்க நம்பிக்கையில், செத்தவுடன் ஆன்மா நேரே சொர்க்கம் போய்விடாது. நடுவில் பாவம் கழுவுகிற இடம் ஒன்று உண்டு. உயிரோடு இருப்பவர்கள் வேண்டிக்கொண்டால் அங்கே தங்கும் காலம் குறையும். ஆகவே கல்லறை என்பது, வருவோர் போவோரிடம் 'எனக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போ' என்று கேட்கிற கல். திதி கொடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் யூயெல்ம் என்றொரு ஊர். ரெடிங்கிலிருந்து காரில் அரை மணிக்குச் சற்று மேல். அங்கே சஃபோக் சீமாட்டி ஆலிஸ் 1475இலிருந்து படுத்திருக்கிறார். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்லப்படும் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. மூன்று முறை மணந்தவர். மூன்றாவது கணவரான சஃபோக் பிரபுவை நாடு கடத்தும்போது 1450இல் நடுக்கடலில் படகிலேயே தலையை வெட்டிவிட்டார்கள். சர்ச்சின் கல்லறையில் ஆலிஸ் தனியாகத்தான் இருக்கிறார். மேலே அலபாஸ்டர் கல்லில் வடித்த உருவம்: தலையில் கிரீடம், கூப்பிய கை, இடது முன்கையில் 'கார்ட்டர்' என்ற அரச விருதுக் குழுவினர் அணியும் பட்டை. பெண்கள் அந்தப் பட்டையை எங்கே அணிய வேண்டும் என்ற சந்தேகம் விக்டோரியா அரசிக்கு வந்தபோது இந்தச் சிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். நம்புவது உங்கள் இஷ்டம்.

நான் சொல்ல வந்தது மேலே இருக்கும் ஆலிஸைப் பற்றி அல்ல, கீழே இருப்பவரைப் பற்றி. கல்லறைப் பெட்டிக்கு அடியில் கல்லில் சாளரம் போலத் துளைகள் விட்டிருக்கிறார்கள். குனிந்தால் உள்ளே இன்னொரு ஆலிஸ்: வற்றிப்போன உடம்பு, எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், விலகிய கோடித் துணி, பின்னால் சரிந்த கூந்தல். மேலே சீமாட்டி, கீழே பிணம். எங்கள் மகள், அப்போது ஒன்பது வயது, பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தரையில் மல்லாக்கப் படுத்து, போனில் டார்ச்சைப் போட்டுத் தலையைத் துளைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, மேல படம் இருக்கு" என்றாள். பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு நானும் படுத்தேன். இருந்தது. பிணத்தின் முகத்துக்கு நேர்மேலே, பெட்டியின் அடிப்பக்கத்தில், மகதலேனா மரியாளும் ஸ்நானகன் யோவானும். கால்மாட்டுக்கு மேலே, தேவதூதன் மரியாளிடம் சேதி சொல்லும் காட்சி. நின்றபடி பார்க்கிற எவருக்கும் அது தெரியாது. படுத்திருக்கும் அந்த ஆலிஸ் ஒருத்தி பார்ப்பதற்காக வரைந்த ஓவியம்.

அவரும் கணவரும் 1437இல் கட்டிய தர்மச் சத்திரம் சர்ச்சை ஒட்டியே நிற்கிறது. 13 ஏழைகள் அங்கே தங்கி, தினமும் இவர்கள் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெபம் நின்று போயிற்று, வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். பக்கத்தில் அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஜெபம் நின்றதற்குக் காரணம் மதச் சீர்திருத்தம். பாவம் கழுவும் இடமே கிடையாது என்று புராட்டஸ்டண்டுகள் சொன்ன பிறகு, 'ஜெபம் செய்' என்று கேட்கும் கல்வெட்டு குற்றமாகிவிட்டது. அப்படிப்பட்ட கல்லறைகளை உடைப்பது எல்லை மீறிப் போகவே, அவற்றைச் சேதப்படுத்தக் கூடாது என்று 1560இல் எலிசபெத் அரசி ஆணை போட வேண்டியிருந்தது. அதுவும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1643-44இல் வில்லியம் டவுசிங் என்பவர் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் சர்ச்சுகளில் ஊர் ஊராகப் போய் அந்த வரிகளைப் பெயர்த்தெடுத்து, அதைக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தார். ஜெபம் கேட்க முடியாமல் போன பிறகு கல்லறைகள் வேறு வேலைக்கு வந்தன: குலப்பெருமை. வண்ண வண்ணக் குலச்சின்னங்கள், தூண்கள், லத்தீனில் நீளநீளமாகப் புகழ்ச்சி. நம் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தாக்களின் பட்டங்களை அடுக்குவோமே, அதே சங்கதி.

பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தர இவற்றில் நிறைய உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் மகன்களும் மகள்களும் வயது வரிசையில் மண்டியிட்டிருப்பார்கள். கையில் மண்டையோடு இருந்தால் பெற்றோருக்கு முன்பே போன பிள்ளை. துணியில் இறுகச் சுற்றிய பொட்டலம் என்றால் பிறந்த சூட்டிலேயே போனது. ஒரு கல்லறையில் எத்தனை மண்டையோடு என்று எண்ணச் சொல்லுங்கள், அந்தக் காலத்துப் பிள்ளைச் சாவு எப்படியிருந்தது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் போர்வீரர் சிலுவைப் போருக்குப் போனவர் என்று யாராவது அளந்துவிட்டால் மட்டும் நம்பாதீர்கள். அது அந்தக் காலத்துச் சிற்பிகளின் பாணி, அவ்வளவுதான்.

சிரிக்கவும் இடமுண்டு. அதே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஸ்வின்புரூக் என்ற சின்னக் கிராமத்தில் ஃபெட்டிப்ளேஸ் குடும்பத்து ஆண்கள் ஆறு பேர், சுவரில் பதித்த கல் அலமாரிகளில், ஒருவர் மேல் ஒருவராக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள். எங்களூர் ரயிலில் லோயர், மிடில், அப்பர் பெர்த் என்பதற்கு இதைவிட நல்ல சிற்பம் கிடையாது. 1613ஐ ஒட்டிச் செய்த முதல் மூவர் கட்டைபோல விறைத்து, தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள் மாதிரி இருப்பார்கள். 1686ஐ ஒட்டிச் செய்த அடுத்த மூவர் முழங்கையை ஊன்றி, டீக்காரருக்குக் காத்திருக்கிறார்கள். எழுபது வருஷத்தில் சிற்பிகள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நாட்டிங்காம், லெஸ்டர் பக்கத்துச் சங்கத்தார் பாட்டெஸ்ஃபோர்டுக்குப் போகலாம். ரட்லண்ட் பிரபுக்களின் கல்லறைகள் பலிபீடப் பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆறாவது பிரபு பிரான்சிஸின் கல்லறை கூரையை முட்டுகிறது. அதன் கல்வெட்டில், அவருடைய இரண்டு ஆண் குழந்தைகளும் சூனியத்தால் இறந்ததாகப் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சூனியப் பழியின்பேரில் அரண்மனையில் வேலை பார்த்த மார்கரெட், அவள் தங்கை பிலிப்பா இருவரையும் 1619இல் லிங்கனில் தூக்கில் போட்டார்கள். தாய் ஜோன் விசாரணைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். பிள்ளைகள் செத்தது ஏதோ நோயில். அந்தப் பெண்களுக்குக் கல்லறை கிடையாது, அவர்கள் மேல் போட்ட பழி மட்டும் நானூறு வருஷமாகப் பளிங்குபோல நிற்கிறது. உங்கள் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அதன் எதிரே நிற்கவைத்து, கல்லில் இருப்பதெல்லாம் உண்மையா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

நம்மோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. டெவனில் எக்ஸிடருக்குப் பக்கத்தில் டன்சிடாக் கிராமச் சர்ச்சில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்குத் தளபதி, 1750களில் திருச்சிராப்பள்ளிக்காகப் பிரெஞ்சுக்காரர்களோடு மோதியவர், ராபர்ட் கிளைவுக்கே மேலதிகாரி. 1775இல் இறந்தார். அவருடைய சொத்து நண்பர் ராபர்ட் பாக்கின் குடும்பத்துக்குப் போயிற்று. பாக் யார் என்று கேட்கிறீர்களா? டெவனில் பிறந்து, பாதிரியாராக மதராஸ் வந்து, 1763இல் அங்கேயே கவர்னரானவர். வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கும் பாக் நீரிணைக்குப் பேர் கொடுத்தவர் இவர்தான். வெற்றிலை பாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லாரன்ஸின் நினைவாகப் பக்கத்துக் குன்றின்மேல் 1788இல் பாக் கட்டிய முக்கோணக் கோபுரமும் நிற்கிறது. லாரன்ஸின் பெருமையைச் சர்ச்சின் கல் விஸ்தாரமாகச் சொல்கிறது. அந்தப் போர்களில் திருச்சியைச் சுற்றிலும் வீடு வாசலை விட்டு ஓடியவர்களைப் பற்றி அது எதற்குச் சொல்லப்போகிறது? அதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், அங்கேயே நின்று.

சரி, இப்போதே ஏன் போக வேண்டும்? ஐந்நூறு வருஷம் இருந்தது இன்னும் இருக்காதா என்பீர்கள். சந்தேகம்தான். இந்த நாட்டுச் சட்டப்படி, சர்ச்சுக்குள் இருக்கும் நினைவுச் சின்னம் அது யாருக்காக எழுப்பப்பட்டதோ அவருடைய வாரிசுக்குச் சொந்தம். ஃபெட்டிப்ளேஸ் மாதிரி வம்சமே அற்றுப்போன வீட்டில் எந்த வாரிசைத் தேடுவது? பாரம் ஊர்ச் சர்ச் குழுவின் தலையில் விழுகிறது. நான் பார்த்தவரை அந்தக் குழு என்பது எழுபதைத் தாண்டிய நாலைந்து பேர், ஒரு டீத்தூள் டப்பா, ஒரு பூ வைக்கும் முறைப் பட்டியல். அவர்களாக நினைத்தால் கல்லைத் தொட்டுவிடவும் முடியாது, பழுதுபார்க்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும், அதற்கு வல்லுநர் அறிக்கை வேண்டும்.

அலபாஸ்டர் பார்க்கத்தான் பளிங்கு. உண்மையில் அது ஜிப்சம், நம் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குப் பங்காளி. நகத்தால் கீறினால் கோடு விழும், ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் கரையும். கூரையில் இருக்கும் ஈயத் தகட்டைத் திருடன் உரித்துக்கொண்டு போன சர்ச்சில் மழை எங்கே இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல் துண்டுகளைப் பிணைக்க உள்ளே போட்ட இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்து உப்பி, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அப்புறம் வௌவால். நம்மூர்ப் பிராகாரத்து வாசனை இங்கேயும் உண்டு. அதன் மூத்திரம் கல்லையும், கல்லறைகளில் பதித்த பித்தளைத் தகட்டையும் அரிக்கும், ஆனால் வௌவாலைத் துரத்தச் சட்டம் விடாது.

ஒரு சர்ச்சின் வார்டன் அம்மாள் என்னிடம் சொன்னார்: பணம் போடாவிட்டாலும் பரவாயில்லை, வருகையாளர் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், உதவித்தொகை கேட்டு எழுதும்போது இத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அதுதான் இருக்கிறது என்று. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். "இது என்ன மொழி?" என்று கேட்டு, அதன் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒரு பஸ் பிள்ளைகள் தமிழில் எழுதினால் நோட்டில் இரண்டு பக்கம் நிறையும்.

போவதாக இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். பெரிய பஸ் கிராமத்துச் சந்துக்குள் திரும்பாது, மினிபஸ்தான் சரி. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போகாதீர்கள். கதவு பூட்டியிருந்தால் சாவி யார் வீட்டில் என்று பெரும்பாலும் வாசலில் எழுதியிருக்கும், முன்கூட்டியே போன் செய்துவிட்டால் டீயே கிடைக்கலாம். கழிவறை பல சர்ச்சுகளில் கிடையாது, வழியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பித்தளைத் தகட்டின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுக்கப் பிள்ளைகள் துடிப்பார்கள், கேட்காமல் செய்யவிடாதீர்கள். சிலைகளின் மூக்கைத் தொட வேண்டாம், ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. புளியோதரை வெளியே, புல்வெளி ஓரத்தில், கல்லறைக் கற்களின்மேல் அல்ல.

திரும்பி வந்து தலைமுழுக விரும்புகிறவர்கள் தாராளமாக முழுகலாம். யூயெல்முக்குப் போகிறவர்கள் மட்டும் ஒருவருக்கு ஒரு டார்ச் எடுத்து வாருங்கள். தரை சில்லென்று இருக்கும், படுக்கக் கோரைப்பாய் இரண்டு நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ரெடிங்கிலிருந்து ஒரு பழைய உறுப்பினன்