லேபிளில் ஒரு வரி கூடுதல்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். தங்கை சொல்வதைக் கேட்காமல் அதற்குள் தடித் தடியாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காராதே. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். கைக்கெட்டும் உயரத்தில் இருந்ததெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குக் குடியேறிவிட்டது, என் பாட்டில்கள் உட்பட.

அந்தப் பாட்டில்களைத்தான், பழகிய விஸ்கியிலேயே சிறு மாற்றத்தோடு வரும் வகைகளைத்தான், நீ கேலி செய்திருக்கிறாய். அதே விஸ்கி, லேபிளில் ஒரு வரி கூடுதல், அதற்கு நான் மயங்குகிறேன் என்று. பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு என் பதிலைக் கேள்.

யாரோ பரிசளித்த இருபத்தைந்து வருட மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கியை, நான் குடித்தால், நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. ஜேம்சன் என்ற ஐரிஷ் விஸ்கி அப்படியா? அது நம் நாக்குக்கு மனப்பாடம். பழகிய ராகத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் பாடத் தெரியாதவனுக்கும் காது நிமிர்கிறதல்லவா, அதுபோல ஜேம்சனில் ஒன்றே ஒன்றை மாற்றினால் அந்த ஒன்று என்ன செய்கிறது என்று நமக்கே பிடிபட்டுவிடும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஜேம்சனிலேயே தொடங்குகிறேன். அயர்லாந்தின் கார்க் நகரில் பிரான்சிஸ்கன் வெல் என்றொரு சிறிய பீர் ஆலை. 2013-இல் ஜேம்சன்காரர்கள் தங்கள் பழைய பீப்பாய்கள் சிலவற்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதில் ஸ்டவுட் என்னும் கரிய பீரை ஊறவைத்தார்கள். பீப்பாய் திரும்பி வந்ததும், ஏற்கனவே முதிர்ந்த விஸ்கியை அதில் ஊற்றிச் சில மாதங்கள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்ததுதான் காஸ்க்மேட்ஸ் ஸ்டவுட். சாதாரண ஜேம்சனைப் போலவே 40 சதவீதம்தான்.

இதையும் சாதாரண ஜேம்சனையும் வைத்து வீட்டில் ஒரு சோதனை நடத்தினோம். மூன்று கோப்பை. இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் மற்றது. அடியில் சிறு காகிதம் ஒட்டி, இடம் மாற்றி வைத்துவிட்டால் தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எது பிடித்திருக்கிறது என்ற கேள்வியே கிடையாது; எது வேறு என்பது மட்டும்தான். ஊற்றி வைத்தது மருமகன். ஒரு துளிகூடக் குடிக்காத என் மனைவி, மூன்றையும் முகர்ந்துவிட்டு நடுக் கோப்பையைத் தள்ளினாள். "இதில் மட்டும் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்த வாசனை வருகிறது" என்றாள். அதுதான் ஸ்டவுட். அதே மூன்று கோப்பையிலும் சோடாவை ஊற்றியதும் அந்த வாசனை எங்கே போனதென்று தெரியவில்லை. ஆகவே என் தீர்ப்பு: இந்த வகையறாவைச் சோடாவில் கலப்பவன் லேபிளுக்குத்தான் பணம் கொடுக்கிறான். அந்த அளவில் உன் கேலி நியாயமானது.

ஆனால் பீப்பாய் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வெறும் எண்தான்: ஆல்கஹாலின் அளவு. அமெரிக்காவின் ஜாக் டேனியல்ஸ் கருப்பு லேபிள் 1987 வரை 45 சதவீதமாக இருந்தது. பிறகு 43 ஆனது, 2004 வாக்கில் 40-க்கு இறங்கிவிட்டது. லேபிளின் நிறம் மாறவில்லை, பாட்டிலின் வடிவம் மாறவில்லை, உள்ளே தண்ணீர் மட்டும் கூடியது. 2022-இல் அவர்களே பாண்டட் என்று 50 சதவீதத்தில் ஒன்றை வெளியிட்டார்கள். பாண்டட் என்ற பெயர் அமெரிக்காவில் 1897-இல் வந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் வெறும் சாராயத்தில் சாயம் கலந்து விஸ்கி என்று விற்றவர்கள் ஏராளம். அதை அடக்க அரசு போட்ட நிபந்தனைகள் இவை: ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு ஆண்டுக்குக் குறையாத இருப்பு, சரியாக 50 சதவீதம். ஜிம் பீமிலும் எவான் வில்லியம்ஸிலும் இப்படிப்பட்ட பாட்டில்கள் உண்டு. எதுவும் அலமாரியில் பூட்டி வைக்கிற ரகம் இல்லை.

இந்த எண்ணின் விளையாட்டை நீயே பார்க்கலாம். பாண்டட் எதையாவது 50 மில்லி எடுத்துக்கொள். அதில் 12.5 மில்லி தண்ணீர் விட்டால் 40 சதவீதமாகிவிடும். தண்ணீர் விடாத ஒரு சிறு அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குடி. தண்ணீர் விடாதது நாக்கில் எண்ணெய்போல் படர்ந்து, விழுங்கிய பிறகும் கருகிய மரமும் வெனிலாவும் நெடுநேரம் நிற்கும். மற்றது இனிப்பாகத் தொடங்கி, பேச்சு முடிவதற்குள் எழுந்து போய்விடும். மருத்துவர் உன்னை அளவோடு இருக்கச் சொல்லியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வைல்ட் டர்க்கி 101 என்ற அமெரிக்க விஸ்கி 50.5 சதவீதம். அதில் 30 மில்லி, 40 சதவீத விஸ்கியில் 38 மில்லிக்குச் சமம். ஊற்றும்போது கை கவனமாக இருக்கட்டும்.

மறுபடி பீப்பாய்க்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த மாற்றத்தில் கொஞ்சம் தயங்கித்தான் இறங்கினார்கள். பீப்பாய் ஓக் மரமாக இருக்க வேண்டும் என்பதோடு, அதில் முன்பு என்ன இருந்தது என்பதற்கும் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 2019-இல் அந்த விதியைத் தளர்த்திய பிறகுதான் டூவர்ஸ் தைரியமாக மெஸ்கால் என்னும் மெக்சிகோ மதுவின் பீப்பாயில் முடித்த எட்டு வருட விஸ்கியைக் கொண்டுவந்தது. அதில் மெல்லிய பச்சை வாசனை ஒன்று வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, உனக்குப் பிடிக்காது. அவர்களுடைய ரம் பீப்பாய் விஸ்கி சாது. ஜானி வாக்கர் டபுள் பிளாக்கில் புகை வாசனை தூக்கலாக இருக்கும். பிளாக் லேபிளில் இருக்கும் 12 வருடக் கணக்கு அதில் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள். அந்தப் புகை வாசனையை விரும்புகிறவனுக்கு அது பொருட்டில்லை.

தேன் கலந்தது, ஆப்பிள் கலந்தது என்று வருகிறதே, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதே. ஜாக் டேனியல்ஸ் தேன் பாட்டில் 35 சதவீதம். அது லிக்யூர் என்னும் இனிப்பு மது வகை. நல்ல விஸ்கிக்கும் அவமானம், நல்ல தேனுக்கும் அவமானம்.

உன் மருமகன் கொடுத்த விலையுயர்ந்த பாட்டிலைத் திறக்காமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். எதற்காக? கண்ணாடிக்குள் விஸ்கிக்கு வயது ஏறாது. பீப்பாயை விட்டு வெளியே வந்த அன்றோடு அதன் வளர்ச்சி முடிந்தது. நமக்குத்தான் ஏறுகிறது. திறந்துவிடு.

மருத்துவர் பயணத்துக்கு அனுமதி கொடுத்ததும் இங்கே வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ. வரும்போது புஷ்மில்ஸ் பிளாக் புஷ் என்ற ஐரிஷ் விஸ்கி கிடைத்தால் வாங்கி வா. சாதாரண புஷ்மில்ஸைவிட அதில் மால்ட் அதிகம், ஷெர்ரி பீப்பாயின் உலர்பழ வாசனையும் இருக்கும் என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சாதாரணமானது என்னிடம் இருக்கிறது. கோப்பைக்கு அடியில் காகிதம் ஒட்டும் வேலையை என் மனைவி இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள். தங்கையையும் அழைத்து வா.

அன்புடன்,
சேகர்