ரத்தக்கட்டியும் கட்டியும்

கண்ணு,

போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில், மார்க்கெட்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும்போது நாலு படிக்கு ஒரு தரம் நின்றேன். அப்படி மூச்சு வாங்கியது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், வயசும் ஆச்சு என்றார்கள். அறுபது வருஷமாக இதே காற்றில்தானே இருக்கிறேன்? அப்புறம் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்து, நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயில் ரத்தக்கட்டி என்றார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மூன்று மாதம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது, கட்டி அப்படியே இருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் பாதிக் கோபம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம்.

கோவையில் பார்த்த டாக்டரம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. காலில் ரத்தம் உறைந்த தடயமே இல்லை, மருந்துக்கும் கரையவில்லை, நானோ இளைத்துக்கொண்டே போகிறேன். பெட் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. உறைந்த ரத்தம் பொதுவாக அப்படித் தெரியாதாம். சரி, ரத்தக்கட்டியில் ரத்தம் போய் வெறும் கட்டியானது. குழாயின் உள்சுவரிலேயே முளைக்கும் சார்கோமா என்ற புற்றுநோய், ரொம்ப அபூர்வம். 1923-ல் முதன்முதலாக இதைக் கண்டதே இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோதுதானாம். அதைக் கேட்டதும் உன் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆபரேஷனில் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தின் வேலையை மெஷினிடம் கொடுத்து, உடம்பை 20 டிகிரி வரை குளிரவைத்தார்கள். பிறகு ரத்த ஓட்டத்தையே நிறுத்தினார்களாம், ஒரு தடவைக்குச் சுமார் 20 நிமிஷம். குழாய்க்குள் ரத்தம் இல்லாமல் இருந்தால்தான் கட்டியை உள்தோலோடு சேர்த்து உரிக்க முடியும். முந்தின நாள் மயக்க டாக்டர், "உங்க ஊர்க் குளிர்தாம்மா" என்றார். 20 டிகிரி எங்களுக்கு வெயில் நாள் சார் என்றேன்.

எடுத்ததைப் போட்டோவில் காட்டினார்கள். வெளிறி, வழவழவென்று, இரண்டு கிளை விட்டு, தோல் சீவிய இஞ்சி மாதிரி இருந்தது.

முழுசாகப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, அதையும் உனக்கு மறைக்கவில்லை. கீமோ நடக்கிறது, ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு இப்போது டிக்கெட் போடாதே. மே மாதம் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கு வா. நான் நின்று நின்று படியேறுவேன், பையை நீ தூக்கிக்கொள்.

அம்மா